மஞ்சள் துணி சுற்றிய கத்தி

நந்தா அக்காவின் போனில் நான் முதலில் பார்த்தது துணியை. மஞ்சள் துணி, சின்னச் சின்ன நீலப் பூ. எங்கள் தையல் கடையில் ஒரு சிறுமியின் கவுனுக்கு வெட்டி மிஞ்சியது. அது தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் ஒரு கவ்வாத்துக் கத்தியைச் சுற்றியிருந்தது. கத்தி புல்லில் கிடந்தது. பக்கத்தில் ஒரு விறகுக் கட்டு.

"இது உங்க தோட்டம் தானே நங்கி? யாரையோ சுட்டிருக்காங்களாம்," என்றார் நந்தா அக்கா. கடை அவருடையது. சிங்களவர்; என்னை நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

யாரை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் துணியை வெட்டிக் கொடுத்தவள் நான்.

சுடப்பட்டு இறந்த சின்னராசு மாமாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மல்லிகா அத்தை கேட்டார். கணவரைப் பற்றி எல்லோரும் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு, "இதுல எங்க வீட்டு ஆள் இல்லையேம்மா," என்றார். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மேடைப் பேச்சு போல எழுதத் தெரியாது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா அவர்களுடையது என்பதால், அவரைக் கொஞ்சம் தெரியும்.

கவ்வாத்துக் காலம் வந்தால் மாமா பொகவந்தலாவை கடைத்தெருவுக்கு வந்து கத்தியைச் சாணை பிடிப்பார். பிடித்த கையோடு எங்கள் கடை வாசலில் நின்று, "ஏ புள்ள, கத்திக்கு ஒரு சட்ட குடு," என்று சத்தம் போடுவார். கத்தியின் அளவுக்கு ஒரு துண்டை நீளமாக வெட்டிக் கொடுப்பேன். பஸ்ஸில் வெறும் கத்தியோடு ஏற்ற மாட்டார்கள். லயத்தில் சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிவார்கள். "மனுசனும் கத்தியும் துணி இல்லாம லயத்துக்குள்ள வரக்கூடாது," என்பார். அதற்கு அவரே சிரிப்பார்.

துணியைச் சுற்றி, அதன் நுனியைக் கிழித்து இரண்டாக்கி, குறுக்கே மாற்றி இரண்டு முடிச்சு போடுவார். இரண்டாவது முடிச்சைப் பல்லால் கடித்து இழுப்பார். காலையில் அதை அவிழ்ப்பதற்குள் அத்தையிடம் திட்டு வாங்குவார். "இந்த முடிச்ச அவுக்குறதுக்குள்ள பெரட்டுல பேரு பதிஞ்சி முடிஞ்சி எல்லாரும் மலைக்குப் போயிருவாங்க!" சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு அது தினமும் கேட்கும்.

மலரில் போடுவதற்கு வந்த கவிதை ஒன்றில் அவரை "அமைதியின் உருவம்" என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. மாமா அமைதியாக இருந்து யார் பார்த்தீர்கள்? பீலியடியில் தண்ணீருக்குச் சண்டை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் சண்டை, கோயில் கூட்டத்தில் சண்டை. கும்பிடு போடும்போதுகூட சத்தம்தான். ஒருமுறை பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்து, தோட்டத்து ஆட்கள் பின்னால் போங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். நான் எழுந்துவிட்டேன். மாமா எழவில்லை. கையை ஆட்டி ஆட்டி, பாதி தமிழும் பாதி சிங்களமுமாக பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது. இறங்கும்போது பார்த்தால், மாமாவும் அந்தக் கண்டக்டரும் ஒரே வெற்றிலைப் பையிலிருந்து போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

நான் அவரோடு பேசாமல் நடந்தேன்.

"கோவமா? கோவத்தையாவது வாயத் தொறந்து சொல்லு," என்றார். "பேசாம இருந்தா நல்ல புள்ளன்னு சொல்லுவாங்க. அத வச்சிக்கிட்டு என்ன செய்யப்போற?"

சுட்ட அன்றைக்கும் அவர் சத்தம் போட்டுத்தான் இருப்பார். வேலை முடிந்து, கவ்வாத்து வெட்டிய கிளைகளை அடுப்புக்கு விறகாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி, விறகு கொண்டுபோக முடியாது என்று மறித்திருக்கிறார். இரண்டு பேரும் சத்தம் போட்டது கீழ் மலையில் நின்ற பெண்களுக்குக் கேட்டது. அவர்கள் யாரும் பார்க்கவில்லை. அப்புறம் வெடிச் சத்தம். கத்தியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான், உயிருக்குப் பயந்து சுட்டேன், இது தற்பாதுகாப்பு என்கிறார் அதிகாரி.

அதன் பிறகு ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து, அந்த மனிதர் ஏன் கத்தி வைத்திருந்தார் என்று கேட்டார்கள். கவ்வாத்து வெட்டப் போனவர் கையில் வேறு என்ன இருக்கும்? சிங்கள அதிகாரி என்பதால்தான் இனவாதம் பேசுகிறீர்கள் என்றார் ஒருவர். தமிழன் என்பதால்தான் சுட்டார் என்றார் இன்னொருவர். தோட்டத்து ஆட்கள் குடித்தால் அப்படித்தான் என்று ஃபேஸ்புக்கில் தமிழிலேயே எழுதியிருந்தார்கள். மாமா குடிப்பார். சம்பள நாளில் குடித்துவிட்டுப் பாடுவார், அது சகிக்காது. ஆனால் வேலை நாளில் தொடமாட்டார். இதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

நந்தா அக்கா டிவியை நிறுத்தினார். "எங்க கிராமத்துல ஆம்பிளைங்க எல்லாம் கத்தியோடதான் போறாங்க. பலாக்காய் வெட்ட, புல்லு வெட்ட. அங்க பயம் வரல்ல. உங்க ஆளப் பாத்தா மட்டும் எப்படிப் பயம் வருது?" என்றார். நான்கு பேர் ஒரு மணி நேரம் பேசியதில் இது வரவில்லை.

என்னால் தாங்க முடியாதது துணி விஷயம். துணி சுற்றிய கத்தியை ஓங்கி யாரை வெட்ட முடியும்? டிவியில் பிறகு காட்டிய போட்டோவில் கத்தி மட்டும் ஒரு மேசையில் இருந்தது. துணி எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவர் எடுத்த போட்டோவில் துணி இருக்கிறதே என்றால், அதை லயத்து ஆட்கள்தான் பிறகு சுற்றினார்கள் என்றார்கள். கூலி ஆளுக்கு இப்படிப் புதுப் பூத்துணி எங்கிருந்து வந்தது என்றும் கேட்டார்கள். எங்கிருந்து வந்தது! இதோ, என் தையல் மெஷினுக்குக் கீழே பெட்டி பெட்டியாக இருக்கிறது.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நுனி கிழித்து, குறுக்கே மாற்றி, இரண்டு முடிச்சு. பதறி ஓடிவந்தவர்கள் சுற்றினால் அந்த முடிச்சு வராது.

மாமாவின் குடும்பத்துக்காக வழக்குப் பேசும் சட்டத்தரணி ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். அவருக்கு விஷயத்தைச் சொன்னது நந்தா அக்கா. சட்டத்தரணி கடைக்கு வருவதற்கு முதல் நாள், என் அம்மா என்னிடம், "பொம்பளப் புள்ள கோட்டுக்குப் போனா நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நீ பாக்கலதானே, பேசாம இரு," என்றார். சுட்டதை நான் பார்க்கவில்லைதான். என் பேச்சு வழக்கை முடித்துவிடாது. துணி மாமாவுடையது, முடிச்சு மாமாவுடையது என்பதை மட்டும் சொல்லும். ஆனால் அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. அத்தை சொன்னால், பெண்சாதி அப்படித்தான் சொல்லுவாள் என்பார்கள்.

"அவர் எப்பிடிக் கட்டுறவர், பிள்ளை?" என்று சட்டத்தரணி கேட்டார். துணி அளக்கும் கட்டையை எடுத்தேன். மிச்சமிருந்த மஞ்சள் துணியில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றினேன். இரண்டாவது முடிச்சைப் பல்லால் இழுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் நகத்தால் அவிழ்க்கப் பார்த்தார். கட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பார்த்தார். நந்தா அக்கா, "கத்தரி தரவா?" என்றார்.

"இதைக் கோட்டில வந்து செய்து காட்டுவீரோ?" என்றார் சட்டத்தரணி.

தலையாட்டினேன்.

"தலையாட்டுறதை அங்க எழுதமாட்டினம். வாய் திறந்து சொல்ல வேணும்."

மாமாவின் போட்டோ எதுவும் என்னிடம் இல்லை. அந்த மஞ்சள் துணியில் மிச்சம் ஒரு முழம் இருக்கிறது. அந்த முடிச்சு கையில் இருக்கிறது. நல்ல பிள்ளை என்ற பெயரும் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்வது என்று மாமா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"வர்றேங்க," என்றேன். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.