சம்மதத்துக்கு முன் நாற்பத்தொரு விநாடி

என் கல்யாண வீடியோவில் நான் “சம்மதம்” என்கிற ஒற்றைச் சொல்லைச் சொல்ல நாற்பத்தொரு விநாடி ஆகிறது. ஃபாதர் மைக்கை என் பக்கம் நீட்டுகிறார். நான் வாயைத் திறக்கிறேன். அந்த இடத்தில் காட்சி மாறி, மாதா கோயில் கூரையில் மின்விசிறி சுற்றுவது தெரிகிறது. பிறகு சுவர்க்கடிகாரம். பிறகு பூச்செண்டை நெரித்துக்கொண்டிருக்கும் என் விரல்கள். பீடத்து மெழுகுவர்த்தி. மாப்பிள்ளையின் காதோரம் இறங்குகிற ஒரு சொட்டு வியர்வை. இவ்வளவுக்கும் பின்னால் பாட்டில்லை, ஜெபமில்லை. யாருடைய நெஞ்சோ தடக் தடக் என்று அடித்துக்கொள்கிற ஓசை மட்டும் கேட்கிறது. மூன்றாவது பெஞ்சில் ஓர் ஆள் பாதி எழுந்து, கலங்கிய முகத்தோடு பார்க்கிறார். திரும்பவும் என் முகம். அதற்குப் பிறகுதான் சம்மதம் வருகிறது.

இதைச் செய்தவர் எங்கள் அத்தான், அக்காவின் கணவர். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருக்கு ஒரு வீடியோ ஸ்டுடியோ உண்டு. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எடுப்பதெல்லாம் மங்கள காரியங்கள். மண்டைக்குள் ஓடுவதெல்லாம் கொலைப் படம். எனக்குத் தெரிந்து பன்னிரண்டு வருடமாக ஒரு திரில்லர் கதையைச் சுமந்துகொண்டிருந்தார். எங்கே எந்தக் கதவு கிறீச்சிட வேண்டும், எந்தப் படியில் கேமரா நிற்க வேண்டும் என்பது வரை தயார். கொலை செய்தது யார் என்பதை மட்டும் அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. அதைக் கேட்டால் கோபம் வரும். அது கடைசி பத்து நிமிடத்துச் சமாசாரம், அதற்கு முந்தி இரண்டு மணி நேரம் சனத்தை நாற்காலி நுனியில் உட்கார வைப்பதுதான் தொழில் என்பார்.

அந்தத் தொழிலை அவர் எங்களுக்குப் பந்தியில் வைத்து விளக்கியது எனக்கு மறக்காது. சாம்பார் வாளிக்கு மேலே சுவரில் ஒரு பல்லி. முதலில் பல்லியைக் காட்ட வேண்டும். பிறகு வாளியைக் காட்ட வேண்டும். பிறகு வெறும் சுவரைக் காட்ட வேண்டும். பல்லி விழுவதைக் காட்டினால் காசுக்குப் பிரயோசனமில்லை. அப்புறம் கரண்டி ஒவ்வோர் இலையாக வர வேண்டும், அவசரமே படக் கூடாது, ஒரு ஆள் போதும் என்று கையை நீட்டி மறிக்க வேண்டும், இன்னொரு ஆள் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்ல வேண்டும். “பாக்குறவனுக்குத் தெரியணும், சாப்புடுறவனுக்குத் தெரியக் கூடாது. அம்புட்டுதான் சஸ்பென்ஸு” என்று முடித்தார். அக்கா அன்றைக்கு இலையை மூடிவிட்டு எழுந்தவள், அதன் பிறகு எந்தக் கல்யாணத்திலும் சாம்பார் ஊற்றிக்கொள்வதில்லை.

கையில் இருக்கிற வித்தையைக் காட்ட அவருக்குக் கொலை கிடைக்கவில்லை. கிடைத்ததில் காட்டினார். தாடிக்கொம்புப் பக்கம் ஒரு புதுமனை புகுவிழாவில் பசுமாடு நிலைப்படியில் ஒரு நிமிடம் தயங்கி நின்றது. அத்தான் வீடியோவில் அதை ஏழு நிமிடம் நிறுத்தி வைத்தார். மாட்டின் கண், வீட்டுக்காரர் கண், மணியைப் பிடித்த ஐயரின் கை, தூக்கிய குளம்பு, இறக்கிய குளம்பு. அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் போட்டுக் காட்டுகிறாராம், மாடு உள்ளே போனதும் சனம் கை தட்டுகிறதாம். பிறந்தநாள் கேக்கில் கத்தி இறங்குவதற்குள் பிள்ளைக்கு அடுத்த வயது வந்துவிடும் என்று அக்கா சொல்வாள். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் வீடியோவை வாங்கிப் பார்த்துவிட்டு, இழுக்கிற இடத்தையெல்லாம் வெட்டிக் கொடுக்கச் சொல்லித் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டுவார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. எல்லா வினையும் அதிலிருந்துதான் வந்தது. போகிற விசேஷங்களில் எல்லாம், யாரும் கவனிக்காத நேரத்தில் தூரத்திலிருந்து ஆட்களின் முகங்களை எடுத்து ஒரு டிஸ்கில் சேர்த்து வைப்பார். திரில்லருக்கு என்றைக்காவது உதவும் என்று. இடத்தை அடைக்கிறது என்று சத்தத்தை அழித்துவிடுவார். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பயம் மூன்று, பசி பன்னிரண்டு, சந்தேகம் நான்கு. நம்மில் யாருடைய முகம் எந்தப் பெயரில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. என் முகம் ‘எரிச்சல்’ என்ற தலைப்பில் ஆறு இடத்தில் இருந்ததைப் பின்னால் பார்த்தேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மாப்பிள்ளை வீடு ஒட்டன்சத்திரம், மாமனாருக்குக் காய்கறிக் கமிஷன் மண்டி. எங்களைப் போலவே கத்தோலிக்கக் குடும்பம். மண்டியில் சத்தமாகப் பேசிப் பேசி, வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை பேச மாட்டார் மாமனார். பேச வேண்டியதை மாமியார் பார்த்துக்கொள்வார். கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து வீடியோ வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சாப்பாடும் முடிந்து, வீடே டிவி முன்னால் உட்கார்ந்தது.

மின்விசிறி வந்தபோது எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். கடிகாரம் வந்தபோது மாமியாரின் தங்கை டிவியைப் பார்த்து, சொல்லு கண்ணு, சொல்லிப்போடு என்று கெஞ்சினார். நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. அப்போதுதான் அந்த மூன்றாவது பெஞ்சு ஆள் எழுந்தார். மாமியார் ரிமோட்டை எடுத்து அந்த முகத்தை அப்படியே நிறுத்தினார்.

“ஏங்கண்ணு, அந்த ஆளு யாரு?”

எங்கள் பள்ளி பி.டி. சார். அதைத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான், கூட வேலை பார்க்கிறவர் என்ற உண்மை எந்தப் பொய்யையும் விட மோசமாக இருக்கிறது என்று உறைத்தது. எதற்கு எழுந்தார் என்று மாமியார் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க பி.டி. சாரின் துக்கம் கூடிக்கொண்டே போனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நிம்மதியாக இருக்கிற மனுஷன், மைதானத்தில் விசில் ஊதுவதைத் தவிர வேறு எதற்கும் வாயைத் திறக்காதவர், டிவியில் பார்த்தால் என்னைப் பறிகொடுத்துவிட்டுத் தாடி வளர்க்கப் போகிறவர் போல நின்றார்.

அவர்கள் நல்ல மனிதர்கள். யாரும் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. நான் அடுப்படிக்குள் நுழைந்தால் நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றது, அவ்வளவுதான். என் கணவர் அதற்கு மேல். சாவி எங்கே, தண்ணீர் வேண்டும் என்பதைத் தாண்டி நாலு நாள் பேசவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு மின்விசிறியாலும் கடிகாரத்தாலும் என் வாழ்க்கை போய்விடும் போல இருந்தது. பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் “குட் மார்னிங் டீச்சர்” என்று சொல்ல, நான் பதில் சொல்லாமல் லேடீஸ் ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினேன். பாவம், அவர் தன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார்.

அத்தானுக்கு ஃபோன் செய்து அழுதேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “அந்த எடத்துல எல்லாரும் மூச்சப் புடிச்சாங்களா?” என்பது. நான் ஃபோனை வைத்துவிட்டேன். இரண்டு நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். பக்கத்தில் அக்கா கத்துவது கேட்டது. சனிக்கிழமை காலையில் வாரேன் என்றார், குரல் இறங்கியிருந்தது.

சொன்னபடி லேப்டாப்பும் வயர்களுமாக வந்து சேர்ந்தார். மாமியார் காபி கொடுத்தார். மரியாதையில் குறை வைக்கவில்லை. அத்தான் நடந்ததைச் சொன்னார். பூசை தொடங்குவதற்கு முன்னால், நிலக்கோட்டையிலிருந்து பூக் கொண்டுவந்த வேனை ஒரு வெள்ளை ஸ்கூட்டர் மறித்து நிற்பதாகக் கோயில் உபதேசியார் மைக்கில் அறிவித்தார். அந்த ஸ்கூட்டர் பி.டி. சார் அந்த வாரம்தான் வாங்கியது. அவர் எழுவதற்குள் வேன் டிரைவரே அதைப் பிடித்துத் தரதரவென்று இழுப்பது பக்கவாட்டுக் கதவு வழியாக அவருக்குத் தெரிந்தது. அந்த முகம்தான் அது. நல்ல முகமாயிற்றே என்று அத்தான் எடுத்து ‘ஏக்கம் ஏழு’ என்று பெயர் வைத்தார். ஆள் யார் என்றே அப்போது அவருக்குத் தெரியாது. எடிட்டிங்கில் ஃபாதரின் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் ஒரு முகம் தேவைப்பட்டது, செருகிவிட்டார்.

மாமியார் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “அப்படீன்னா அந்த மைக்குச் சத்தத்தப் போட்டுக் காட்டுங்க தம்பி” என்றார்.

சத்தத்தைத்தான் அத்தான் அழித்துவிட்டாரே. கூடத்தில் மேலே நிஜமாகவே ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, எதிர்ச் சுவரில் கடிகாரமும் இருந்தது. அவர் பன்னிரண்டு வருடம் கட்டிக் கட்டிப் பார்த்த மௌனம் இலவசமாகக் கிடைத்தபோது அவரால் அதை அனுபவிக்க முடியவில்லை. அஞ்சு நிமிசம் கொடுங்கம்மா என்று கேட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார்.

முதலில் சாம்பார் வாளி வந்தது. அதையடுத்து பி.டி. சார் முகம். மனுஷன் பசியில் துடித்தார். அடுத்து, வேறு ஏதோ வீட்டில் மாலை போட்ட ஒரு பெரியவர் படம், பி.டி. சார் முகம். அப்பா செத்த பிள்ளையாக நின்றார். முகத்தில் ஒரு புள்ளி மாறவில்லை, அதே முகம், அதே நீளம். மூன்றாவதாக ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து அரக்குப் பட்டும் மல்லிகைப் பூவுமாக எங்கள் மாமியார் இறங்கினார். உடனே பி.டி. சார். முப்பது வருடம் காத்திருந்து கடைசியில் கண்டுகொண்டவர் போல அவர் பெஞ்சிலிருந்து மெல்ல எழுந்தார். நெஞ்சு தடக் தடக் என்று அடித்தது. அந்த ஓசையைச் சேர்த்திருக்க வேண்டாம், ஆனால் அத்தானால் சேர்க்காமல் இருக்க முடியவில்லை.

கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை. ஒரு மூலையிலிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. மாமனார் சிரித்தார். நான் அந்த வீட்டுக்கு வந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மாமியார் முகம் சிவந்து, இந்தக் கெரகத்தை நிறுத்துங்க என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதோடு பி.டி. சார் என் வாழ்க்கையிலிருந்து விடுதலையானார்.

ஆனாலும் மாமியார் விவரமானவர். சிரிப்பு அடங்கியதும், உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டச் சொன்னார். அது வெட்டாத படம், சத்தத்தோடு இருந்தது. அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போட்டார். ஃபாதர் கேட்கிறார். நான் வாயைத் திறக்கிறேன். சொல்லவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சம்மதம். மின்விசிறியும் கடிகாரமும் இல்லாமல், நான் மட்டும் நின்றுகொண்டிருந்த நாலு விநாடி. மாமியார் என் தலையைத் தடவிவிட்டு, இவ்வளவுதானே, இதையே சுருக்கமாக வைத்துவிடுங்கள் என்று அத்தானிடம் சொல்லி எழுந்து போனார். வயரைச் சுற்றிக்கொண்டே அத்தான் எனக்கு மட்டும் கேட்கும்படி, “அதுல நாலு செகண்டு நெசம் இருந்துச்சுத்தா. அதான் நாப்பதத் தாங்குச்சு” என்றார்.

அன்று சாயங்காலம் என் கணவர் என்னை பைக்கில் மார்க்கெட் பக்கம் கூட்டிப் போனார். கேரளாவுக்குப் போகிற லாரிகளில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, லாரியைப் பார்த்தபடியே, நெசமாகவே யோசித்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரை அதற்கு முன்னால் மூன்று தடவைதான் பார்த்திருந்தேன், பயமாக இருந்தது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார்.

“அந்த வாத்தியாரு மேல எனக்குச் சந்தேகமே இல்ல. பக்கத்துல நின்னவனுக்கு நீ யோசிச்சது தெரியாதா? எனக்கு மட்டுந் தெரிஞ்சது இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சேன்னுதான் இருந்துச்சு.” வண்டிச் சாவியைக் கையில் உருட்டினார். “நாலு செகண்டுங்கறது தப்புக் கணக்கு. எனக்கு உங்க அத்தான் போட்டதுதாஞ் சரி. அத வெட்ட வேண்டாமுன்னு சொல்லிப்போடு.”

அந்த நிமிடம் யாராவது மைக்கை நீட்டியிருந்தால் அரை விநாடிகூட எடுத்திருக்க மாட்டேன். அவ்வளவு பிடித்துப்போனது எனக்கு அந்த மனுஷனை. அங்கேயே நின்று அத்தானுக்கு ஃபோன் செய்து, வெட்ட வேண்டாமாம் அத்தான் என்றேன். ஒரு இடத்தையும் வெட்ட வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, “செத்த நேரங் கழிச்சுப் பேசுறேன்த்தா” என்று வைத்துவிட்டார்.

ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அத்தான் இப்போது மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டு, ட்ரோன் பறக்கவிட்டுக் கல்யாணம் எடுக்கிறார். கொலை செய்தது யார் என்று இன்னும் முடிவாகவில்லை. எங்கள் கல்யாண நாள் வந்தால் வீட்டில் அந்த வீடியோ ஓடும். என் கணவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு, என்னை ஒட்டி உட்கார்ந்து, முறுக்கு தின்றுகொண்டே பார்ப்பார். மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் கை வாயருகில் நின்றுவிடும். பக்கத்தில் நான் இருப்பது அவருக்குத் தெரியாது. டிவியில் நான் சம்மதம் என்று சொன்ன பிறகுதான் கடிப்பார்.