ப்ரோலாக் படிக்க வந்த இருபத்திரண்டு பேர்

திருவள்ளூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் அப்போது கணினிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஜாவா தெரிந்தால்தான் வேலை என்று மாணவர்கள் நம்பிய வருடங்கள். எனக்குப் பிடித்தது ப்ரோலாக். அந்தக் கணினி மொழியில் தெரிந்த விவரங்களையும் விதிகளையும் எழுதிவிட்டுக் கேள்வி கேட்டால், விடையை அதுவே தேடி எடுக்கும். அடுத்த பருவத்தில் அதை விருப்பப்பாடமாக வைக்கத் துறைத்தலைவர் சம்மதித்தார். பதினைந்து பேராவது எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்.

ஆர்வம் வரட்டும் என்று சனிக்கிழமை மதியம் ஒரு வகுப்பு தொடங்கினேன். மூன்று பேர் வந்தார்கள். செவ்வாப்பேட்டையில் என்னோடு தினமும் ரயில் ஏறும் சக ஆசிரியரிடம் சொல்லி வருத்தப்பட்டேன். மூன்றாமாண்டு வகுப்புக்குப் பொறுப்பாளர் அவர். "உடுங்க சார், நான் அனுப்பறேன்" என்றார். அடுத்த வாரம் இருபத்திரண்டு பேர்.

உறவுமுறையை வைத்துப் பாடம் நடத்தினேன். மாமா மகள், அத்தை மகள் முறைப்பெண் என்று விதி எழுதி, அவரவர் குடும்பத்தை உள்ளிடச் சொன்னேன். ஒருவனுக்கு நான்கு முறைப்பெண்கள் என்று திரையில் வந்ததும் பின்வரிசையில் மேசையைத் தட்டினார்கள். ஒரு மாணவிக்குச் சித்தப்பா மகனையே முறைமாப்பிள்ளையாகக் காட்டியது. முகம் சுளித்தவள், நான் எழுதிய விதியில் இருந்த பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தினாள். அன்று டைரியில் 'ஆர்வம் கூடுகிறது' என்று எழுதினேன்.

அப்படிப் பத்து சனிக்கிழமைகள். யார் வந்தார்கள், யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று ஒரு நோட்டில் குறித்தேன். திங்கட்கிழமைகளில் நண்பர் ரயிலில் அதை வாங்கிப் பார்ப்பார். அக்கறை என்று நினைத்தேன்.

விருப்பப்பாடப் பட்டியல் வந்தது. ப்ரோலாக்குக்கு ஒரே பெயர், அந்த மாணவியுடையது. பாடம் ரத்தானது. அவளிடம் காரணம் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம் சார். அட்டெண்டன்ஸ் கம்மியா இருக்கறவங்க சனிக்கிழமை வந்தா சரிகட்டிடறேன்னு எங்க கிளாஸ் சார் சொன்னாரு."

"நீயும் அதுக்குத்தான் வந்தியா?"

"மொதல்ல அதுக்குத்தான் சார்."

மாணவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வாராவாரம் எதிரே உட்கார்ந்து, பிள்ளைகள் ஆசையாகப் படிக்கிறார்களா என்று என்னையே கேட்டாரே, அவர்மேல்தான் வந்தது.

மறுநாள் ரயிலில் கேட்டேன். "பசங்க வேணும்னீங்க, வந்தாங்க. இதுக்குப் போய் இன்னா சார் பேஜாரு பண்ணிக்கினு" என்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சிறப்பு வகுப்புக்கு வந்தவர்களின் பட்டியல். நான் கையெழுத்துப் போட்டால்தான் அவர்கள் தேர்வு எழுத முடியும்.

நின்றபடியே நோட்டை எடுத்து வரிவரியாக ஒப்பிட்டேன். ரயில் புட்லூர் தாண்டியது. ஒரு சனிக்கிழமை வராத ஒருவனை வந்ததாகப் போட்டிருந்தார். அதை அடித்துத் திருத்தினேன். மற்றதெல்லாம் உண்மை, என் கையால் குறித்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, திருவள்ளூர் வரும்வரை கதவோரம் போய் நின்றுகொண்டேன்.