ஞானம்மாக்காவின் மூன்று ஆடுகளும் நான் போட்ட நாலு வேலிகளும்

என்னுடைய முதல் வேலியை ஆடுகள் தின்றுவிட்டன. உடைத்துவிட்டன என்றோ தாண்டிவிட்டன என்றோ நான் எழுதவில்லை. தின்றுதான் விட்டன. கால்நடைப் பகுதியில் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள், சின்ன ஆடுகளுக்கு எந்த வேலி நல்லது என்று என்னிடம் கேட்கும்போதெல்லாம் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குகிறேன். எனக்கு வெட்கக்கேடான கதைதான். ஆனாலும் சொல்லத் தொடங்கினால் எனக்கே சிரிப்பு வந்துவிடும்.

1. வேலி ஒன்று

அறுபதுகளின் தொடக்கம். கிளிநொச்சிக் கந்தோரில் கால்நடை உதவியாளனாகச் சேர்ந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. இருபத்திரண்டு வயது, யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த ஒரு சைக்கிள், படித்து வந்த மண்டைக்கனம். இவ்வளவும்தான் என் முதல். கந்தோருக்குப் பொறுப்பான எங்கள் பெரியவர் ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தை என் மேசையில் போட்டார்.

"ஐசே, அக்கராயனுக்கு ஒருக்காப் போம். அங்கை ஞானம்மா எண்டு ஒரு மனுசி மூண்டு ஆடு வைச்சிருக்கிறா. பக்கத்துக் காணிக் கத்தரித் தோட்டத்தை ரெண்டு தரம் மேஞ்சு போட்டுதாம். நல்ல வேலியா ஒண்டு போடுவிச்சிட்டு வாரும். அதுக்கும் அடங்காட்டி ஆட்டை விக்கத்தான் வேணும்."

ஞானம்மாக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கணவர் வவுனியாவில் மேசன் வேலை. மாதம் ஒருமுறை வந்துபோவார். குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணி, பின்பக்கம் காடு, ஒரு பக்கம் மட்டும் அயல்வீடு. அந்த மூன்று ஆடுகளும்தான் அவருக்குத் துணை. முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கிற சின்னச்சாதி ஆடுகள். ராணி, அரியம், சின்னராசா என்று பெயர். சின்னராசா நான் போய் நின்ற கையோடு முறைப்பாட்டுக் கடிதத்தின் மூலையைக் கடித்து விழுங்கிவிட்டான்.

"கட்டி வைக்கலாந்தானே அக்கா?" என்று கேட்டேன்.

"போன வருசம் ஒண்டைக் கட்டித்தான் வைச்சனான், தம்பி. நரி வந்தது. அவிட்டு விட்டதுகள் குசினிக்குள்ளை ஓடி வந்திட்டுதுகள். கட்டி வைச்சது எங்கை ஓடும்? இனி இந்த வளவுக்குள்ளை கயிறு வராது. விக்கத்தான் வேணுமெண்டால் சொல்லுங்கோ, நானும் அதுகளோடை சந்தையிலை போய் நிக்கிறன்."

அது பகிடி இல்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கு மனம் ஒருமாதிரிப் போய்விட்டது. இந்த ஆடுகளை விற்க விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

கிளுவைக் கதியாலும் பூவரசங் கதியாலும் நெருக்கி நட்டு வேலி அடைப்பித்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு வேலி என்றால் அதுதான். தடியை வெட்டி நட்டால் போதும், மழைக்குத் தளிர்த்து மரமாகிவிடும். மாரிகாலம் வேறு. மூன்று கிழமையில் எல்லாக் கதியாலும் அழகாகத் தளிர்த்தது. நாலாம் கிழமை போனேன். தளிரும் இல்லை, பட்டையும் இல்லை. மொட்டைத் தடிகள் சரிந்து கிடந்தன. ஆடுகள் வெளியே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன.

திரும்பி வரும் வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு யோசித்தேன். எங்கள் வீட்டில் ஆட்டுக்குக் குழை எங்கிருந்து வெட்டுவோம்? வேலியிலிருந்துதான். பூவரசங்குழை, கிளுவைக்குழை. அங்கே ஆடு கயிற்றில் நிற்கும். வேலி தெருவால் போகிறவர்களின் கண்ணை மறைக்க அடைப்பது. அதை நான் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை. ஆட்டைச் சுற்றிச் சாப்பாட்டை நட்டுவிட்டு, டயறியில் ‘பாதுகாப்பான வேலி’ என்று எழுதியிருக்கிறேன்.

2. இரண்டும் மூன்றும்

இரண்டாவது, முள்ளுக்கம்பி. நாலு வரி இழுத்தோம். மாடு என்றால் மறிக்கும். சின்னராசா வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு அடிவரிக்குக் கீழால் போனான். ராணி இரண்டு வரிக்கு நடுவால் போனாள், கொஞ்ச மயிர் மட்டும் கம்பியில் நின்றது. அவளைப் பிடிக்கப் போன என் காற்சட்டைதான் கிழிந்தது.

மூன்றாவது, வலை. முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கிற சம்மாட்டி ஒருவர், "மீனே தப்பாத வலை, ஆடு தப்புமே?" என்று சொல்லிப் பழைய வலையொன்றைத் தந்தார். ஆடு தப்பவில்லை என்பது உண்மைதான். அரியம் கொம்பைக் கொடுத்து, பிறகு காலைக் கொடுத்து, கடைசியில் கழுத்தையும் கொடுத்துவிட்டு நின்று கத்திய கத்தலில் குளத்தடியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஈரத்தோடு ஓடி வந்தார்கள். கொடுவாக்கத்தியால் வலையை அறுத்து அவளை எடுத்தோம். ஞானம்மாக்கா அவளை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதோடு வலையைச் சுருட்டிவிட்டேன்.

இவ்வளவு நடக்கும்போதும் முறைப்பாடு எழுதிய அயல்வீட்டுச் செல்லையா அண்ணை தன் கத்தரிப் பாத்தியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார். ஒவ்வொரு முறையும், "வேலி சரிவராது போலை கிடக்கு, தம்பி" என்பார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும்.

பெரியவருக்கும் பொறுமை போய்விட்டது. "பத்து நாள் தாறன் ஐசே. நானே வந்து பாப்பன். அண்டைக்கும் ஆடு வெளியிலை நிண்டால் வவுனியாச் சந்தைதான். பிறகு என்னோடை கதைக்கக் கூடாது."

3. வேலி நாலு

இந்தமுறை காணியை அளக்காமல் ஆட்டை அளந்தேன். சின்னராசாவின் தலையைக் கையால் பிடித்துப் பார்த்தேன். தலை போகிற இடத்தால் ஆட்டின் உடம்பும் போகும். ஆகவே தடிக்கும் தடிக்கும் நடுவே மூன்று விரலுக்கு மேல் இடைவெளி விடவில்லை. காட்டிலிருந்து காய்ந்த வீரைமரத் தடிகள் வெட்டி வந்தோம். தளிர்க்காத தடி, தின்ன ஒன்றும் இல்லை. என் நெஞ்சளவு உயரம். குறுக்கே கட்டுகிற வரிச்சை வெளிப்பக்கம் கட்டினோம். உள்ளே கட்டினால் அது ஆட்டுக்கு ஏணி. அடியை ஒரு முழம் மண்ணுக்குள் இறக்கினோம். நரி கிளறாதபடி வெளியே காய்ந்த சூரை முள்ளை அடைத்தோம். படலை உட்பக்கமாகத் திறக்கும்படி வைத்தோம். ஆடு சாய்ந்து தள்ளினால் தானே இறுகிவிடும். பிள்ளைகளே, இதுவரைக்கும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதில் இன்றைக்கும் பிழை இல்லை.

ஆனால் மூன்றாம் நாள் கிழக்குப் பக்கத்தில் இரண்டு தடி ஆடிப்போய் நின்றது. இறுக்கினோம். ஐந்தாம் நாள் அதே இடம். பெரியவர் தந்த பத்து நாளில் இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. ஞானம்மாக்கா எனக்குத் தேத்தண்ணி தந்தார்.

அப்போதுதான் பொறி தட்டியது. கம்பிக்குக் கீழால் சின்னராசா போனது எந்தப் பக்கம்? கிழக்கு. அரியம் வலையில் மாட்டியது? கிழக்கு. கதியால் வேலியில் முதல் பொட்டு, அதாவது ஆடு நுழைகிற ஓட்டை, விழுந்ததும் கிழக்குத்தான். அடுத்த நாள் காலையிலேயே போய், பட்டிக்குள் ஒரு மூலையில் சாக்கைப் போட்டுக் குந்திவிட்டேன்.

பத்து மணி இருக்கும். மூன்று ஆடுகளும் எழும்பிக் கிழக்குப் பக்கம் வரிசையாகப் போய் நின்றன. கொஞ்ச நேரத்தில் கத்தரிப் பாத்திக்குள்ளால் செருப்புச் சத்தம். செல்லையா அண்ணை. சாரத்தை மடித்துப் பிடித்த மடி நிறையப் பூசணித்தோல்.

"இந்தாடா சின்னராசா, கெதியாத் தின். ஞானம்மா காணப்போறா" என்று சொல்லிக்கொண்டே தடி இடுக்கால் ஊட்டத் தொடங்கினார். உள்ளே போகாத துண்டுகளைத் தடிக்கு வெளியே போட்டார். அதை எடுக்கத்தான் மூன்றும் முட்டி மோதின.

நான் எழும்பி நின்றேன். அவர் கையில் பூசணித்தோலோடு அப்படியே நின்றார்.

"அண்ணை, முறைப்பாடு எழுதினது நீங்கள்தானே?"

"ஓம்."

"பிறகென்ன இது?"

"அது கத்தரி, தம்பி. இது தோல்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "என்ரை மனுசி செத்து நாலு வருசம். குசினியிலை நான் பூசணி வெட்டுற சத்தம் கேட்டால் இதுகள் மூண்டும் என்னைக் கூப்பிடுதுகள். என்னை வேறை ஆர் கூப்பிடினம்? வேலியை ஒழுங்கா அடைக்கச் சொல்லித்தான் எழுதினனான். விக்கச் சொல்லி நான் ஒரு எழுத்து எழுதேல்லை."

எனக்கு வந்த சிரிப்பில் கண்ணும் கலங்கிவிட்டது. ஞானம்மாக்கா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"ஒளிச்சு ஒளிச்சு ஏன் அண்ணை?" என்றார். "கேட்டிருந்தால் நான் வேண்டாமெண்டே சொல்லுவன்?"

அன்று பின்னேரமே மூவரும் சேர்ந்து அந்தக் கிழக்குப் பக்கத்தைத் திருத்தினோம். ஆடிய தடிகளை இன்னும் ஆழமாக இறக்கி, நடுவில் ஒரு சின்னச் சதுரப் பொட்டு விட்டு, உட்பக்கம் ஒரு மரத்தொட்டி கட்டினோம். கை போகும், பூசணித்தோல் போகும், ஆட்டுத் தலை போகாது. இனி வெளியே எதுவும் போடுவதில்லை என்று செல்லையா அண்ணை சொன்னார். தொட்டியைச் செய்து தந்ததும் அவர்தான்.

பத்தாம் நாள் பெரியவர் வந்தார். வேலியைச் சுற்றி நடந்தார், தடிகளைப் பிடித்து உலுப்பினார், உள்ளே நின்று படலையைக் காலால் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. ஆடுகள் மூன்றும் உள்ளே படுத்திருந்தன. கிழக்குப் பக்கம் வந்ததும் அவர் நெற்றி சுருங்கியது.

"இது என்ன ஐசே? வேலி போடச் சொன்னால் பொட்டும் போட்டு வைச்சிருக்கிறீர்?"

நான் வாயைத் திறக்கமுன் செல்லையா அண்ணை முன்னுக்கு வந்தார். "அதை நான் கேட்டுத்தான் ஐயா வைச்சது."

"நீர் ஆர்?"

"முறைப்பாடு எழுதினவன்."

பெரியவர் அவரைப் பார்த்தார், ஆடுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் கண்டேன். மூன்று ஆடுகளும் அந்த வளவிலேயே இருந்து, குட்டிகளோடு பெருகின.

பிறகு முப்பது வருடத்துக்கு மேல் எத்தனையோ வேலிகளுக்கு ஆலோசனை சொல்லிவிட்டேன். தடி, கம்பி, உயரம், இடைவெளி எல்லாம் இரண்டாவது. முதலில் ஒருநாள் உள்ளே குந்தியிருந்து, ஆடு எந்தப் பக்கம் பார்க்கிறது, அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். நான் நாலு வேலி போட்டுப் படித்த பாடம் அது ஒன்றுதான்.

அன்று நான் எழுதிக் கொடுத்த றிப்போட் இரண்டே வரி. ஒரு திருத்தமும் செய்யாமல் பெரியவர் கையெழுத்து வைத்தார்: ‘வேலி, பாதுகாப்பானது. பொட்டு ஒன்று, முறைப்பாட்டாளரின் வேண்டுகோளின்படி.’