கடலுக்கு முதுகு காட்டி நடப்பவர்

"இருபத்தொம்பது, முப்பது, முப்பத்தொண்ணு..." என்று சத்தமாக எண்ணிக்கொண்டே ஜெகதா அக்கா கடலுக்குள் பின்பக்கமாக நடக்கிறார். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருக்கிறார். முகம் கரையைப் பார்த்தபடி இருக்கிறது. தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் நின்று, காதில் செருகியிருக்கும் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எண்ணைக் குறிக்கிறார். மறுபடி நடக்கிறார். இடுப்பைத் தொட்டதும் இன்னோர் எண். அலை வந்து முதுகில் அடித்தால் "இருடா, வேல பாக்குறேன்ல" என்று திரும்பாமலே ஓர் அதட்டல்.

ஏன் இப்படித் திரும்பி நடக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"புள்ள நிக்கிற எடத்துலருந்து பாத்தா அம்மா தெரியணும் லா, டீச்சர். தெரியலன்னா அந்த எடம் நமக்கு வேணாம். கடல எதுக்குப் பாக்கணும்? அது எங்க ஓடிப் போவப் போவுது?"

ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை, பள்ளி விடுமுறையில், ஒரு பேருந்து நிறைய கடலுக்குப் போகிறோம். காலை ஆறரைக்குக் கிளம்பி இருட்டுமுன் திரும்பிவிடுவோம். எங்களைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் சுண்ணாம்பு மலைதான். ஆண்டில் ஒரு நாள் கண்ணுக்கு மறைப்பில்லாமல் எதையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லா வீட்டிலும் இருக்கிறது. எந்தக் கடற்கரை என்பதை ஜெகதா அக்காதான் சொல்வார். அவரை யாரும் நியமிக்கவில்லை. எப்படியோ அது அவர் வேலையாகிவிட்டது.

அவருடைய உண்மையான வேலை கையுறை ஆலையில். ஓட்டை பிடிப்பது. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில கையுறைகளை எடுத்து, தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, எங்கேயாவது ஒரு சொட்டு துளிர்க்கிறதா என்று பார்க்க வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்க்கிறார். அதனாலோ என்னவோ, எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். கடையில் நெகிழிப் பையில் கட்டி வாங்கிய தேநீரையும் அப்படித்தான்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, சனிக்கிழமை, மோட்டார் சைக்கிளில் தனியாக லூமூட் கடற்கரைப் பக்கம் போய்வருவார். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து மணலுக்கு எத்தனை எட்டு. எங்கள் தாமான் லெங் ஆன்ட்டியின் கணவருக்குச் சக்கர நாற்காலி, ஆகவே வழியில் படிக்கட்டு உண்டா. நிழலுக்கு என்ன மரம், பத்து மணிக்கு அந்த நிழல் எங்கே விழும். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா. குரங்குகள் சோற்றுப் பொட்டலத்தைப் பறிக்குமா, பார்த்துவிட்டுப் போகுமா. அலை ஏற்றம் எப்போது என்று வலை உலர்த்துகிறவர்களிடம் கேட்பார். திரும்பி வந்து பொது மண்டபத்தில் உள்ளங்கையைப் பார்த்துப் படிப்பார். படித்து முடித்ததும் "அவ்ளோதான். கை கழுவலாமா?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

என் கணவர் குணசீலனும் சிரிப்பார். வீட்டில் நான் சொல்லும் எதற்கும் "ம்" என்று மட்டும் பதில் தருகிற மனிதர், அந்த மண்டபத்தில் தொடையைத் தட்டிச் சிரிப்பார்.

சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர்மேல் பொறாமை. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கரும்பலகையில் தீபகற்பத்தின் இரண்டு கரைகளையும் பார்க்காமல் வரைவேன். அந்தத் தாமானில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கே போகலாம் என்று ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மகள் கவிஷா முதன்முதலில் கடலைப் பார்த்தபோது நான் பேருந்தில் பாய் எடுத்துக்கொண்டிருந்தேன். இறங்கி ஓடி வந்தேன். அவள் ஜெகதா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றிருந்தாள். "அம்மா வந்துட்டாங்க பாரு" என்று அவர்தான் அவளைத் திருப்பினார். அந்த வாய் அதற்குள் மூடிவிட்டது.

இந்த ஆண்டு, அவர் பார்க்கப் போகும் சனிக்கிழமைக்கு முந்திய கூட்டத்தில், அவர் எழுவதற்கு முன்பே நான் எழுந்தேன். கைப்பேசியில் படம் வைத்திருந்தேன். பாசிர் மெலூர். வெள்ளை மணல், குரங்கு இல்லை, கூட்டம் இல்லை, கரை வரைக்கும் சவுக்கு நிழல். கைப்பேசி கை மாறி மாறிப் போனது. "அழகா இருக்கே" என்ற சொல் வரிசை வரிசையாக என்னை நோக்கி வந்தது. ஜெகதா அக்காவும் வாங்கிப் பார்த்தார். வழக்கம்போல வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"போயிப் பாத்தீங்களா, டீச்சர்?"

"பாத்தேன்" என்றேன்.

நான் போகவில்லை. அந்த ஊர் எந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்பதே எனக்கு அப்போது தெரியாது.

"தண்ணி எப்படி?"

"கண்ணாடி மாதிரி."

"அப்பறம் என்னா? டீச்சர் பாத்துட்டு வந்து சொல்றாங்க. நான் ஒரு சனிக்கெழம நல்லாத் தூங்குறேன்" என்று சொல்லி, முதல் ஆளாகக் கையைத் தூக்கியவர் அவர்தான். அவரைப் பார்த்து மற்ற கைகளும் எழுந்தன. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என் வெற்றியைக்கூட அவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

பயண நாளன்று காலை ஒன்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். படம் பொய் சொல்லவில்லை. மணல் மாவு மாதிரி இருந்தது. பெண்கள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். "பசியாறிட்டு எறங்குங்க" என்று கத்தினார்கள். பிள்ளைகள் கேட்கவில்லை. "டீச்சரே, நல்ல எடமா புடிச்சிட்டீங்க" என்று நாலு பேர் சொன்னார்கள். ஐந்தாவது ஆளுக்காக நான் காத்திருந்தேன். ஐந்தாவது ஆள் பொட்டலத்தைத் தொடாமல் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அவர் பின்பக்கமாகத் தண்ணீரில் இறங்கினார். பன்னிரண்டு எட்டுக்கு முழங்கால். பதினான்காவதில் இடுப்பு. அடுத்த எட்டில் தாடைவரை போய், கையை வீசிச் சமாளித்து மேலேறினார். கரையில் யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கால் சறுக்கிவிட்டது என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது என்பதையும் எழுத வேண்டும்.

அவர் கத்தவில்லை, யாரையும் வெளியே வரச் சொல்லவில்லை. ஈரம் சொட்ட வந்து, என் கணவரையும் இன்னும் ஐந்து ஆண்களையும் எழுப்பினார். "என்னா, சாப்பிட்டுச் சாப்பிட்டுப் படுக்கவா வந்தீங்க? எந்திரிங்க, பந்து வெளையாடலாம்." அவர்களை முழங்கால் தண்ணீரில், கரைக்கு இணையாக, வரிசையாக நிறுத்தினார். பந்தைக் கொடுத்தார். "இந்தக் கோட்ட வுட்டு ஒருத்தனும் நகரக் கூடாது. நகர்ந்தவன் சாயங்காலம் பேருந்து கூட்டணும்." பிள்ளைகள் எல்லாம் அந்த வரிசைக்கும் கரைக்கும் நடுவே கும்மாளமிட்டார்கள். என் கணவர் பந்தைத் தவறவிட்டு, தண்ணீரில் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே சிரித்தார்.

நான் தேர்ந்தெடுத்த கடற்கரை அது. பத்து நிமிடத்தில் அதுவும் அவருடையதாகிவிட்டது.

எழுந்து போனேன். "கவிஷா, இங்க வா. அம்மாவோட வா" என்றேன். அவள் முகம் சுருங்கியது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஆண்கள் வரிசையின் கடைசி ஆளையும் தாண்டி, வலப்பக்கம் போனேன். அங்கே யாரும் இல்லை. நாங்கள் இருவர் மட்டும் விளையாடலாம் என்று நினைத்தேன். "டீச்சர், அங்க வேணாம்!" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. யார் குரல் என்று தெரிந்ததால்தான் இன்னும் இரண்டு எட்டு வைத்தேன்.

மணல் காலடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. பிடித்திருந்த சின்னக் கை நழுவியது. எனக்கு நீச்சல் தெரியாது. பச்சையாக ஏதோ கண்ணை மூடியது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு என் சடையை யாரோ வேரோடு பிடுங்குவதுபோல இழுத்தார்கள்.

காலுக்கு மணல் தட்டுப்பட்டபோது ஜெகதா அக்காவின் ஒரு கையில் என் சடை இருந்தது. இன்னொரு கையில் என் மகள். அவள் இருமினாள், உப்புத்தண்ணீரைக் கக்கினாள், பிறகு வீறிட்டு அழுதாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் அவர் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்த நொடியிலும் எனக்கு வந்தது அதே பொறாமைதான். பிள்ளை பிழைத்த நன்றிக்கு முன்னால் அது வந்து நின்றுகொண்டது.

எல்லாரும் ஓடி வந்தார்கள். குணசீலன் பிள்ளையை வாங்கிக்கொண்டு, வெளிறிப்போய் என்னைப் பார்த்தார். "நீ வந்து பாத்துட்டுத்தானே சொன்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெகதா அக்கா பேசினார். "அவங்கள ஏன் ஏசுறீங்க? ராத்திரி பேஞ்ச மழையில மணலு அரிச்சிருக்கு. அவங்க வந்தப்ப நல்லாத்தான் இருந்திருக்கும். புள்ளைக்கி சூடா மைலோ குடுங்க, போங்க." பிறகு என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "தலைய தொவட்டுங்க, டீச்சர். சளி புடிக்கும்" என்றார்.

முந்திய இரவு மழை பெய்யவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் போய்ப் பார்க்கவில்லை என்பதை அவர் எப்போது கண்டுபிடித்தார் என்றுதான் தெரியவில்லை. பதினான்காவது எட்டிலா, அல்லது மண்டபத்தில் நான் "கண்ணாடி மாதிரி" என்று சொன்னபோதேயா.

அதற்குப் பிறகு பிள்ளைகளை அவர் தண்ணீருக்கு அனுப்பவில்லை. மணலில் குழி தோண்டும் போட்டி வைத்தார். குழிக்குள் உட்கார்ந்து கழுத்துவரை மூடிக்கொள்ள முதல் ஆளாக அவரே இறங்கினார். கவிஷா அழுகையை மறந்து அவர் தலையில் கிளிஞ்சல் செருகினாள். மதியத்துக்குள் அந்தக் காலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் இல்லை. நான் சவுக்கு மரத்தடியில் ஈரச் சடையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலரை மணிக்குப் பேருந்து கிளம்பியது. ஓட்டுநர் பாக் ரஷீட் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்து லெங் ஆன்ட்டியிடம் கொடுத்தார். ஆண்டுதோறும் பயணம் எப்படி என்று சொல்வது அவர்தான். "இந்த எடம் ரொம்ப அழகு. என் வீட்டுக்காரர் நாற்காலி மணல் வரைக்கும் போச்சு. டீச்சர், அடுத்த வருஷமும் நீதான் எடம் பாத்துச் சொல்லணும்" என்றார். பேருந்து முழுக்கக் கைதட்டியது. முன்வரிசையில் நின்ற ஜெகதா அக்காவும் கைப்பிடியை விட்டுவிட்டுத் தட்டினார்.

பதினொரு ஆண்டுகளாக நான் கேட்க ஆசைப்பட்ட ஓசை அது.

எழுந்தேன். ஒலிவாங்கி வேண்டியிருக்கவில்லை.

"நான் வந்து பாக்கல. பாத்தேன்னு பொய் சொன்னேன். மழையும் பெய்யல. அக்கா எனக்காகச் சொன்னாங்க."

கைதட்டல் நடுவில் நின்றது. பின்வரிசையில் ஒருத்தி, "அப்ப எங்க புள்ளைங்க எல்லாம்...?" என்று தொடங்கி முடிக்கவில்லை. முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குணசீலன், தூங்கும் கவிஷாவைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்தார். அன்று அவரிடமிருந்து அந்த "ம்"கூட வரவில்லை. நான் உட்கார்ந்தேன். மேற்கே இறங்கிய வெயில் என் ஜன்னல் வழியாக நேராக முகத்தில் விழுந்தது. நாற்பது பேர் பார்வையும் அந்த வெளிச்சத்தில்தான் இருந்தது. எங்கே திரும்புவது என்று தெரியவில்லை.

ஜெகதா அக்கா ஆடும் பேருந்தில் இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, கம்பியில் சிக்கியிருந்த ஜன்னல் திரையை இரண்டு முறை உதறி, என் முகத்தில் நிழல் விழும்வரை இழுத்துவிட்டார்.