என் பக்கம் நிகழவில்லை

அந்தப் புகாரை நான் மூடியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. செஞ்சிக் கடைத்தெருவில் எங்கள் கடைக்கு மேலே இருக்கும் அறையில் உட்கார்ந்து அன்றைக்கு நான் மூடிய ஆறாவது புகார் அது. எழுதியது இரண்டே வரி: "என் பக்கம் இது நிகழவில்லை. உங்கள் கணினியின் சேமிப்பு வட்டு பழுதாகியிருக்கக்கூடும், சோதித்துப் பாருங்கள்." எழுதிவிட்டுக் கீழே போய் மோர் குடித்தேன். குவிந்து கிடந்த புகார்கள் குறைந்துவருகின்றன என்ற நிறைவுகூட எனக்கு இருந்தது.

நான் பராமரிப்பது ஒரு திறந்த மூல மென்பொருளின் ஒரு பகுதி. ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகள் இருப்பதுபோலப் பிரித்து இயக்க முடியும். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினியாகவே கருதிக்கொண்டு வேலை செய்யும். அவற்றை மெய்நிகர் கணினிகள் என்கிறோம். அவற்றைத் தொடங்குவது, நிறுத்துவது, அவற்றைத் தாங்கும் பெரிய கணினி நின்றுபோனால் இன்னொரு பெரிய கணினியில் மறுபடி எழுப்புவது ஆகியவை எங்கள் மென்பொருளின் பணி. ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத சிலர், வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு இதைக் காத்துவருகிறோம். எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வசதியில்லாத பள்ளிகளும் நூலகங்களும் மருத்துவமனைகளும் இதை நம்பி இயங்குகின்றன என்பதாலேயே, படிப்பு முடிந்ததும் இந்த வேலையில் என்னை இணைத்துக்கொண்டேன். பொதுவுக்கு உழைக்கிறேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புகார் வந்தால், அதே கோளாறை முதலில் நம்முடைய கணினியில் வரவழைத்துப் பார்ப்போம். வந்தால் திருத்தலாம். வராவிட்டால் 'என் பக்கம் நிகழவில்லை' என்று எழுதி மூடிவிடுவோம். அது பொய் இல்லை. கண்ணால் காணாத கோளாறை யாராலும் திருத்த முடியாது. ஆனால் அந்த வாக்கியத்தை நூறு முறை எழுதிய பிறகு, 'என் பக்கம்' என்ற சொல் தேய்ந்து, 'நிகழவில்லை' என்பது மட்டும் மனத்தில் நின்றுவிடுகிறது.

புகார் அனுப்பியவர் வேறொரு நாட்டின் மலைப்பகுதியில், ஒரு சிறிய தர்ம மருத்துவமனையின் கணினிகளைத் தனியாளாகப் பார்த்துக்கொள்பவர். அங்கே சாலையின் இருபுறமும் இரண்டு கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய கணினி; இரண்டுக்கும் பொதுவாக ஒரே வட்டு. நடுவே கம்பியில்லா இணைப்பு. இரத்தப் பரிசோதனைப் பதிவேடு ஒரு மெய்நிகர் கணினியில் இருந்தது. மழை பெய்த ஒரு நாளில் அந்தப் பதிவேடு சிதைந்துபோய், ஐந்து நாள் முடிவுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. என் பதில் போய் ஆறு நாள் கழித்து, திங்கட்கிழமை, அவரிடமிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலம் அவருக்கும் எனக்கும் இரண்டாம் மொழி. ஆகவே அதில் அலங்காரம் ஏதுமில்லை.

"வட்டைச் சோதித்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் பதிலை எங்கள் நிர்வாகக் குழு படித்தது. மென்பொருளைச் செய்தவர்களே வட்டு பழுது என்கிறார்கள், ஆகவே வட்டைக் கவனிக்காதது என் குற்றம் என்று சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை கூடி முடிவு செய்வார்கள். என்னை நீக்கிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். நான் எதையும் தொடவில்லை. நான் செய்த தவறு என்னவென்று நீங்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்."

கடைசி வரியைப் பலமுறை படித்தேன். மோர் குடிக்கப் போகும் அவசரத்தில் நான் எழுதிய ஒரு வாக்கியம், முகம் தெரியாத ஒரு மனிதருக்கு எதிரான சாட்சியாக மேசைமேல் கிடந்தது.

புகாரை மறுபடி திறந்தேன். அன்று பகல் முழுதும் முயன்றேன். இரண்டு பெரிய கணினிகளை என் மடிக்கணினிக்குள்ளேயே பாவனையாக அமைத்து, ஒன்றை நிறுத்தி, மற்றொன்றில் மெய்நிகர் கணினியை எழுப்பினேன். ஒவ்வொரு முறையும் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. என் பக்கம் நிகழவேயில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நைனா, அதாவது என் அப்பா, சாப்பிடப் போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைக்கு இறங்கினேன். எங்களுடையது பம்புசெட்டு சாமான் கடை. சிங்கவரத்திலிருந்து வந்திருந்த ஒரு வேர்க்கடலை விவசாயி, உப்பிப்போன மோட்டார் கண்டென்சர் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துவிட்டு நைனாவுடன் பேசிக்கொண்டிருந்தார்.

"நேத்து வாங்கினு போனது மொதலாளி. மாட்டி ஸ்விட்ச்ச போட்டன், டப்புன்னு போயிடுச்சி."

"ஒங்க லைன்ல வோல்ட்டேஜ் ஏறியிருக்கும்" என்றார் நைனா. "ஒன் எதிர்லதான டெஸ்ட் பண்ணிக் குடுத்தன். இங்க நல்லாத்தான ஓடுச்சி?"

"ஒங்க கடையில ஓடுனா எனக்கு இன்னா மொதலாளி? ஒங்க கடையிலியா நான் மல்லாட்ட போட்டுக்கினு இருக்கறன்?"

நைனா தலைக்கு மேலே காட்டினார். 'விற்ற மின்சாமான்கள் திரும்பப் பெறப்பட மாட்டா' என்ற பலகை அங்கே தொங்கியது.

"அதப் படிக்கத்தான் இந்த வெயில்ல சைக்கிள் மெதிச்சிக்கினு வந்தன்" என்றார் அவர். "எழுத்து நல்லாக்குது. ஆரு எழுதுனது?"

"எம்பொண்ணுதான். ஸ்கூல்ல படிக்கச் சொல்ல எழுதுச்சி."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "முத்துமுத்தா எழுதியிருக்கற பாப்பா" என்று சொல்லிவிட்டு, கண்டென்சரைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை.

நான் அறைக்குத் திரும்பினேன். மடிக்கணினிக்குள் அமைத்திருந்த அந்த இரண்டு பாவனைக் கணினிகளையும் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றுக்கு நடுவே சாலை இல்லை, மழை இல்லை. ஒன்று கேட்டால் மற்றொன்று கண்ணிமைப்பதற்குள் பதில் சொல்லும். நான் சோதித்தது என் கடையில்.

எங்கள் குழுவுக்குச் சோதனைக்கென்று தொலைதூர நகரம் ஒன்றில் ஒரு கணினி இருந்தது. மறுநாள், புதன்கிழமை, அதை ஒரு கட்டடமாகவும் என் மடிக்கணினியை மற்றொரு கட்டடமாகவும் வைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே வட்டைக் கொடுத்து, சோதனையை மறுபடி அமைத்தேன். தொலைதூரக் கணினியில் இருந்த மெய்நிகர் கணினிக்குள் ஒரு சிறு நிரலை ஓடவிட்டேன்: ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை வரிசையாக வட்டில் எழுதிக்கொண்டே இருப்பது மட்டும் அதன் வேலை. காலை முழுதும் எண்கள் வரிசை பிசகாமல் வந்தன. கடைத்தெரு வரை வந்திருக்கும் கண்ணாடி இழை இணைப்பு அவ்வளவு வேகமானது.

அன்று அமாவாசை. பிற்பகல் மூன்று மணிக்குமேல் மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகும் சிறப்புப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்குள் நுழையத் தொடங்கின. நாலரை மணிக்கு மின்சாரம் போனது. இணையப் பெட்டியும் அணைந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்க் கைபேசி வழியாக இணைத்து, சோதனையைப் புதிதாகத் தொடங்கினேன். கீழே பேருந்துகள் நகராமல் நின்றன. ஒவ்வொன்றிலும் எண்பது தொண்ணூறு பேர், எல்லார் கையிலும் ஒரு கைபேசி. அமாவாசையன்று எங்கள் ஊரில் ஒரு படம் அனுப்பினால் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதை நான் என் வேலையோடு சேர்த்து ஒருநாளும் நினைத்ததில்லை.

தொலைதூரக் கணினியின் பதில்கள் தாமதமாயின. முதலில் ஐந்து நொடி, பிறகு பத்து. பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எங்கள் மென்பொருள் ஒரு வரியை எழுதியது: அந்தக் கணினி இறந்துவிட்டது, அதன் மெய்நிகர் கணினியை இங்கே எழுப்புகிறேன்.

அது இறக்கவில்லை. கூட்டத்தில் பதில் வரத் தாமதமாயிற்று, அவ்வளவுதான். அங்கே அது தன் எண்களை வட்டில் எழுதிக்கொண்டே இருந்தது. இங்கே எழுப்பப்பட்ட நகலும் அதே வட்டில் ஒன்றிலிருந்து எழுதத் தொடங்கியது. கோப்பைத் திறந்தபோது இரண்டு வரிசைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிக் கிடந்தன. மருத்துவமனையில் மழை, இங்கே அமாவாசை. ராஜகிரி மலை இருட்டும்வரை மாடியிலேயே நின்று, அதே கோளாறை மூன்று முறை வரவழைத்தேன். சந்தேகத்துக்கு இடமில்லை.

காரணமான வரியைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. முன்பு ஒரு கணினி பதில் சொல்லாவிட்டால் மென்பொருள் ஒரு நிமிடம் காத்திருக்கும். அவ்வளவு நேரம் வீண் என்று பலர் முறையிட்டதால், ஒரு தன்னார்வலர் அதைப் பதினைந்து நொடியாகக் குறைத்திருந்தார். எந்த மாற்றத்துக்கும் இருவர் ஒப்புதல் தர வேண்டும் என்பது எங்கள் விதி. முதலில் பார்த்தவள் நான். 'இணைப்பு தாமதமானால் என்ன ஆகும்?' என்று கேட்டிருக்கிறேன், சரியான கேள்விதான். 'சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன' என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார். அது என் கேள்விக்கான பதிலே இல்லை. ஆனாலும் அன்றே ஒப்புதல் கொடுத்திருக்கிறேன். இரண்டாமவர் என் ஒப்புதலைப் பார்த்துத் தன்னுடையதையும் கொடுத்துவிட்டார். அந்த வரிக்குப் பக்கத்தில் இன்றைக்கும் இருப்பது தன்னார்வலரின் பெயர் மட்டுமே. என் பெயர் அங்கே இல்லை.

வியாழக்கிழமை காலை இட்லியைப் பிட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாமா, ரெண்டு நாளா மூஞ்சே நல்லால்ல" என்றார் நைனா. "இன்னா டென்ஷன்?"

சுருக்கமாகச் சொன்னேன். தவறு எங்களுடையது என்று அந்த மருத்துவமனைக் குழுவுக்கு எழுதப்போவதாகவும் சொன்னேன்.

"வாயால சொல்லு. வேணும்னா போன் போட்டுச் சொல்லு. எழுதி மட்டும் குடுத்துடாத. நாளைக்கு அதையே தூக்கினு வந்து நிப்பாங்க."

"ஏற்கெனவே நான் எழுதுனதத்தான் நைனா தூக்கினு போயி அந்தாளு எதிர்ல வெச்சிட்டாங்க."

"சரி, காசு வாங்கினியா? சும்மா குடுத்த சாமானு. சும்மா வாங்குனவனுக்கு இன்னா கேள்வி இருக்குது?"

அவர் சொன்னது எங்கள் உரிமத்திலும் இருக்கிறது. இந்த மென்பொருளுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, இதனால் விளையும் எந்த இழப்புக்கும் செய்தவர்கள் பொறுப்பல்ல என்று அது சொல்கிறது. அந்த வாசகம் தேவையானது என்றே இன்றும் கருதுகிறேன். அது இல்லாவிட்டால் எவரும் எதையும் இலவசமாகக் கொடுக்கத் துணியமாட்டார்கள். ஆனால் வழக்கிலிருந்து என்னைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்ட வாசகம், உண்மையைச் சொல்வதிலிருந்தும் என்னைக் காப்பாற்ற வேண்டுமா? இலவசமாகக் கிடைப்பதையே நம்பி வாழ வேண்டியவர்களுக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று சொல்லிக்கொண்ட நான், இலவசம் என்பதையே தப்பிக்கும் வழியாக்க முடியுமா? மறுபக்கமும் இருந்தது. ஒப்புக்கொண்டு எழுதினால் பலர் எங்கள் மென்பொருளைக் கைவிடக்கூடும். மற்றவர்களின் பல ஆண்டு உழைப்பும் அதோடு போகும். அதை முடிவு செய்ய நான் தனியாள் இல்லை. குழுவினருக்கு எழுதி, நண்பகல் வரை காத்திருந்தேன். ஒருவர் உரிமத்தை நினைவூட்டினார். இரண்டாவது ஒப்புதல் கொடுத்தவர், "என்னையும் சேர்த்து எழுது" என்று மட்டும் எழுதினார்.

கடிதத்தில் கோளாறை முதலில் விளக்கினேன். பிறகு எழுதினேன்: "வட்டு பழுது என்று முன்பு நான் எழுதியது தவறு. போதிய சோதனை செய்யாமல் எழுதினேன். பதிவேடு சிதைந்ததற்குக் காரணம், நான் ஒப்புதல் கொடுத்த ஒரு மாற்றம். உங்கள் கணினிப் பொறுப்பாளர் செய்தவற்றில் தவறு ஏதும் எனக்குத் தெரியவில்லை. புகாரைத் தெளிவாக எழுதியவர் அவரே." தன்னார்வலரின் பெயரைச் சேர்க்கவில்லை; என் பெயரையும், சொன்னபடி இரண்டாமவர் பெயரையும் இட்டேன். அன்று மாலையே காத்திருக்கும் நேரத்தை மறுபடி ஒரு நிமிடமாக்கி, பழைய பதிப்பை விலக்கிக்கொள்ளும் அறிவிப்பையும் வெளியிட்டோம்.

வெள்ளிக்கிழமை பதில் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை, நைனா மாடிப்படியில் நின்றபடியே, "எழுதிப் போட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை பதில் வந்தது. "குழு உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தது. நான் வேலையில் தொடர்கிறேன். ஆனால் உங்கள் மென்பொருளை நீக்கிவிடச் சொன்னார்கள். எனக்கு வருத்தம்தான். எங்கள் மெய்நிகர் கணினிகளைச் சேதமில்லாமல் வெளியே எடுப்பது எப்படி என்று சொல்வீர்களா?"

எங்கள் மென்பொருளுக்குள் நுழைவது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தோம். வெளியேறுவது எப்படி என்று ஒரு பக்கம்கூட இல்லை. அந்த வாரம் முழுதும் அதை எழுதினேன். ஒவ்வொரு படியையும் முதலில் அறையிலும், பிறகு மாடியில் கைபேசி இணைப்பிலும், நடுவில் இணைப்பை அறுத்தும் செய்து பார்த்தேன். கலந்துபோன ஐந்து நாள் பதிவுகளில் எது முதல் கணினி எழுதியது, எது நகல் எழுதியது என்று பிரிக்க ஒரு சிறு நிரலையும் சேர்த்தேன். அது பிரிக்க முடியாதவற்றை அவர்கள் காகிதச் சீட்டுகளைப் பார்த்துப் பதிந்துகொண்டார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து, எல்லாம் வெளியே வந்துவிட்டது, பதிவேடு சரியாக இருக்கிறது என்று புகார் அனுப்பியவர் எழுதியிருந்தார். புகார் அதுவரை திறந்தே இருந்தது. நான் அதைத் தொடவில்லை. மாலையில் பார்த்தபோது அவரே அதை மூடியிருந்தார்.