அண்ணாந்து பார்க்கும் அம்மா

ஈரக் களிமண்ணும் மண்ணெண்ணெயும் கலந்த மணம் எங்கே வந்தாலும் எனக்கு எங்கள் முரசுமோட்டை வீட்டுப் பதுங்குகுழியான "பங்கர்"தான் நினைவுக்கு வரும். அதன் பின்னாலேயே அண்ணன்மேல் ஒரு பொறாமையும் வரும். ஒன்பது வயதில் பிடித்தது, இன்னும் விட்டபாடில்லை.

அண்ணன் இயக்கத்தில் சிறிய விமானம் ஓட்டினான். லீவில் வந்தபோது அதை அம்மாவின் காதுக்குள் மட்டும் சொன்னான். கதவுக்குப் பின்னால் நின்று நானும் கேட்டுவிட்டேன். எனக்குச் சொல்லவில்லையே என்ற எரிச்சல் ஒருபக்கம், இரணைமடுக் குளத்து விராலின் நடுத்துண்டெல்லாம் அவன் சோற்றுக் கோப்பைக்கே போன எரிச்சல் மறுபக்கம். இருபத்திரண்டு வயதில் ஒருநாள் மேலே போனவன் திரும்பவில்லை. வந்து சொன்னவர்களிடம் உடலும் இல்லை, விவரமும் இல்லை. "செத்ததை ஆர் கண்டது?" என்று அம்மா அவன் படத்துக்கு விளக்கு வைக்க மறுத்துவிட்டார்.

அதன்பிறகுதான் அந்தக் கூத்துத் தொடங்கியது. "கிபிர்" என்று நாங்கள் சொன்ன அரசாங்கக் குண்டுவீச்சு விமானம் இரைந்ததும் ஊரே பங்கருக்குள் விழும். அம்மாவோ என்னை உள்ளே தள்ளிவிட்டு, வெளியே ஏறி, நெற்றியில் கைவைத்து வானத்தைப் பார்ப்பார். அண்ணனுடையது உழவு மெசின்போலக் கடகடக்கும், அதுவும் இருட்டில்தான் பறக்கும் என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியாதா? "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்று பெரியம்மா முணுமுணுப்பார். கல்லு என்னும்போது என்னைப் பார்ப்பார். அம்மா செத்துப்போவாரே என்ற பயத்தைவிட, எனக்காக உள்ளே இருக்கவில்லையே என்ற வயிற்றெரிச்சல்தான் எனக்குப் பெரிது. என்ன பிள்ளை நான்!

ஒருநாள் பொறுக்காமல் நானும் வெளியே ஓடி அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "அவன் வரமாட்டான், வாங்கோ!"

கன்னத்தில் பளாரென்று விழுந்தது. "ஒண்டு போனது போதாதோ எனக்கு? உள்ளுக்கை போடி!"

வீட்டு வளவின் எல்லையில் குண்டு விழ, இருவரும் மண்ணோடு மண்ணாகப் பங்கருக்குள் உருண்டோம். பார்வை அவனுக்கு, அறை எனக்கு என்று அன்று முழுவதும் அழுதேன். அண்ணன் போய்விட்டான் என்று அம்மா வாய்திறந்து சொன்னது அந்த ஒரு தடவைதான் என்பது எனக்கு உறைக்கப் பல வருடங்கள் பிடித்தன.

இப்போது பங்கரை மூடி வாழை வைத்திருக்கிறோம். அண்ணனுக்கு இன்னும் இருபத்திரண்டு; எனக்கு இருபத்தேழு. பரந்தனில் வேலை முடிந்து தினமும் ஆறு மணிக்குத் தவறாமல் வருகிறேன். ஒழுங்காக வீடு வருகிறவளை யார் முற்றத்தில் நின்று பார்க்கிறார்கள்? போன கிழமை வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் ஒன்று இரைந்துகொண்டு வந்தது. அம்மா வெளியே ஓடினார். பின்னாலேயே போய், "அது மருந்தடிக்கிறதம்மா" என்றேன். என்னைவிடக் குள்ளமான அம்மா, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கையை எட்டி என் தலையில் வைத்துக் கீழே அமுக்கினார்.

"உள்ளுக்கை போ பிள்ளை."

பதுங்க ஒரு குழியும் இல்லாத அந்த முற்றத்தில் நான் குனிந்து நின்றேன்.