ஈரம் காயாத பலகைகள்

அந்தத் தச்சரிடம் வேலை கொடுக்க நினைப்பவருக்கு முதலில் பொறுமை வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் மரத்தளம் போடலாம் என்று ஆசையோடு கூப்பிட்டால், மனிதர் அளவு நாடாவை எடுப்பதற்கு முன்பே கெட்ட செய்திகளை எடுத்து வைப்பார்.

"மழை பெஞ்சா பாசி பிடிக்கும். பாசி பிடிச்சா வழுக்கும். வருஷத்துக்கு ஒருதரம் எண்ணெய் பூசணும், இல்லேன்னா வெளுத்துப்போகும். அடியில கரையான் வரும். பலகைக்குப் பலகை ஆணி கனத்துக்கு இடைவெளி விட்டாகணும். அதுல கம்மல் விழும், சாவி விழும், திரும்ப எடுக்க முடியாது. நல்லா யோசிச்சுக்குங்க. என்னைக் கேட்டா, வேண்டாம்."

தன் சோற்றில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்வதில் இவரைப்போல் ஒரு கெட்டிக்காரரைப் பார்க்க முடியாது. தெருவில் அவருக்கு 'வேண்டாம் தச்சர்' என்றே பெயர். தேநீர் கொடுத்தால்கூட அதைக் குடித்தால் வரும் கெடுதலைச் சொல்லிவிட்டுத்தான் டம்ளரை வாங்குவார் என்று பக்கத்துக் கடைக்காரர் கிண்டல் செய்வார்.

அத்தனையும் கேட்ட பிறகும் "பரவாயில்லை, போடுங்க" என்று நிற்பவர்களுக்குத்தான் அவர் நல்லதைச் சொல்லுவார். சிமென்ட் தரை வெயிலில் காலைச் சுடும், மரம் சுடாது. மேடு பள்ளமான இடத்தில் மண் கொட்டாமலே சமதளம் கிடைக்கும். மழைத் தண்ணீர் இடைவெளி வழியாக மண்ணுக்கே போய்விடும். முழங்கால் வலிக்காரர்களுக்கு மரத்தில் நடப்பது சுகம். அவர் போட்ட தளத்தில் பத்து வருஷம் ஆனாலும் ஒரு பலகை தலை தூக்காது. காரணம் ஒன்றுதான். ஈரம் காயாத மரத்தை அவர் தளத்துக்குத் தொடவே மாட்டார். ஈரப் பலகையை முடுக்கிவிட்டால் அது காயக் காயச் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், திருகாணியையே பிடுங்கிக்கொண்டு எழும்பும். இந்த விஷயத்தில் அவர் யார் சொல்லியும் இறங்கி வந்ததில்லை.

ஊருக்கெல்லாம் தளம் போட்டவர் வீட்டில் தளம் கிடையாது. சமையலறைக் கதவைத் திறந்தால் மூன்று படி. இறங்கினால் சேறு. அதைத் தாண்டி அவர் மனைவி வளர்த்த ரோஜாத் தொட்டிகளும் ஓர் எலுமிச்சை மரமும். படிக்கு நேராக ஒரு தளம் இருந்தால் காலையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரலாமே என்று அந்த அம்மாள் முப்பது வருஷமாகக் கேட்டாள். அவரும் முப்பது வருஷமாக வேண்டாம் என்றார். ஒரு வருஷம் கரையான், ஒரு வருஷம் பாசி, ஒரு வருஷம் எலுமிச்சை வேர் என்று காரணத்துக்கா பஞ்சம்? அவளும் விடவில்லை. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஒருதரம் கேட்டுவிட்டு, அவருடைய 'வேண்டாம்' என்ற பதிலைக் கேட்டுச் சிரித்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கிப்போவாள்.

பிறகு அவளுக்கு வயிற்றுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா அவரை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினாள்.

"நாலு மாசம். நல்லா பார்த்துக்கிட்டா அஞ்சு."

அவர் வராந்தாக் குழாயடிக்குப் போனார். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், "ரத்தம் கம்மியாம். மருந்து சாப்பிட்டா தேறிடுமாம்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. வழக்கப்படி கேட்டாள். "என்னங்க, இந்த வருஷமாவது பின்பக்கம் தளம் போடுவீங்களா?"

"போட்டுடலாம்" என்றார் அவர்.

அவள் திரும்பி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டு மடியில் இருந்த மருந்துப் பையைச் சரிசெய்துகொண்டாள்.

மறுநாளே மரக்கடைக்குப் போனார். கடைக்காரர் காய்ந்த பலகைகளைக் காட்டினார். தட்டினால் கணீரென்று சத்தம் கேட்டது, அன்றைக்கே முடுக்கலாம். அவர் அதை விட்டுவிட்டு, அந்த வாரம் அறுத்து வந்திருந்த ஈரப் பலகைகளை எடுத்துக்கொண்டார்.

"இது காய ஆறு மாசம் ஆகுமேண்ணே?" என்றார் கடைக்காரர், ஆச்சரியத்தோடு.

"ஆகட்டும். ஆறு மாசம் ஆகட்டும்."

இதைக் கிறுக்குத்தனம் என்று சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லுவேன். ஆனால் அவர் மனதில் ஓடிய கணக்கு வேறு. காய்ந்த மரத்தை வாங்கி மூன்றே நாளில் தளத்தைப் போட்டு முடித்தால், இந்த ஆளுக்கு எதற்கு இத்தனை அவசரம் என்று அவள் யோசிப்பாள். யோசித்தால் தெரிந்துவிடும். ஆறு மாதம் காய வேண்டிய மரத்தை வாங்கிப் போட்டால், ஆறு மாதம் கழித்தும் அவள் இருப்பாள் என்று ஆகிறதல்லவா? அவளுக்குச் சொன்ன பொய்யை, பாவம், அவரே பாதி நம்பிவிட்டார்.

பலகைகளைக் கொட்டகையில் அடுக்கினார். ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் காற்றோட்டத்துக்குச் சின்னச் சின்னக் கட்டைகளை வைத்தார். தினமும் காலையில் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் காட்டுவார்.

"கோடைக்குள்ள காஞ்சுடும். கோடையில போட்டுடலாம்."

அவளும் விரல் முட்டியால் பலகையைத் தட்டிப் பார்த்து, "ஆமா, கொஞ்சம் காஞ்சிருக்கு" என்பாள். தச்சரோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு ஈர மரத்தின் சத்தம் தெரியாதா? தெரிந்துதான் அப்படிச் சொன்னாள். இப்படியே நாற்பது நாள் போனது. அவள் புடவைச் சுற்று அதிகமாகிக்கொண்டே வந்தது. சாப்பாடு இரண்டு கரண்டியானது.

நாற்பதாம் நாள் காலையில் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று இறங்கியவள், இரண்டாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலேயும் ஏற முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. அவர் ஓடிவந்து தூக்கப் போனார். அவள் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"என்னங்க, அந்தப் பலகையையே போட்டுடுங்க."

"ஈரம்மா அது. இப்பப் போட்டா ரெண்டு வருஷத்துல எல்லாம் முறுக்கிக்கும்."

"ரெண்டு வருஷம் யாருக்கு வேணும்? ரெண்டு மாசம் தாங்குமில்ல?"

 

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?" என்று கேட்டார் அவர்.

"பஸ்லயே. முப்பது வருஷமா வேண்டாம் வேண்டாம்னவரு, அன்னைக்குக் கேட்ட உடனே போட்டுடலாம்னீங்களே. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"ஆசை ஆசையா மரம் அடுக்கினீங்க. அதைக் கெடுக்க மனசு வரல."

அவர் அந்தப் படியிலேயே குழந்தை மாதிரி அழுதார். அவள் அழவில்லை. "அழுதது போதும். போய் ரம்பத்தை எடுங்க" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், மூன்று நாளில் தளத்தைப் போட்டு முடித்தார். தன் கையால் ஈரப் பலகையை முடுக்கியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. திருகாணி இறங்கிய இடத்தில் எல்லாம் தண்ணீர் கசிந்தது. காய்ந்து சுருங்கும்போது தானாக இடைவெளி விழும் என்பதால் பலகைகளை ஒட்ட ஒட்ட வைத்தார். சமையலறை வாசலுக்குச் சரிமட்டமாக, ஒரு படிகூட இறங்காமல், எலுமிச்சை மரம் வரைக்கும் தளம் போய்ச் சேர்ந்தது.

காலையில் நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்தார். அவள் செருப்பில்லாத காலைப் பலகையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"ஜில்லுனு இருக்கு. இதையா முப்பது வருஷம் வேண்டாம்னீங்க?"

ஒரு நாள் அவள் தன் காதுத் தோடுகளைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"வச்சுக்குங்க. பலகை இடுக்குல விழுந்துடப்போகுது."

"இதுலதான் இடுக்கே இல்லையே."

"வருமில்ல" என்றாள்.

அவர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பதினேழு நாள் அவள் அங்கே உட்கார்ந்தாள். பதினெட்டாம் நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. அடுத்த மாதம் அவள் இல்லை.

இரண்டு வருஷத்தில் அவர் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. பலகைகள் முறுக்கிக்கொண்டன. விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு விழுந்தது. திருகாணிகள் தலையை நீட்டின. ஊரில் எங்கே பலகை எழும்பினாலும் ஓடிப்போய்ச் சரிசெய்கிறவர், இதை மட்டும் தொடவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி மரத்தளம் போடுவது பற்றிப் பேச வீட்டுக்கே வந்தாள். படி இறங்க முடியாத அவளுடைய அம்மா தோட்டத்தில் உட்காருவதற்காம். பேசிக்கொண்டே பின்பக்கம் எட்டிப் பார்த்தவளுக்கு முகம் மாறிவிட்டது.

"இது யாரு போட்டது?"

"நான்தான்."

"நீங்களா!"

"ஈர மரத்துல போட்டது. ஈர மரத்துல போடவே கூடாது, இப்படித்தான் ஆகும். காலை இடறும், மழையில வழுக்கும்." பழைய பாட்டை அவர் பாடிக்கொண்டே போனார்.

"அப்ப பிரிச்சுப் போட்டுடலாமே? இதுல நல்லதுன்னு ஒண்ணுமே இல்லையே."

"இருக்கு" என்றார் அவர். "என் வீட்டுக்காரி இதுல பதினேழு நாள் உக்காந்திருந்தா."

 அவர் குனிந்து ஒரு திருகாணித் தலையை விரலால் தடவினார். "காஞ்ச மரம் கடையிலயே இருந்துச்சு. அதை வாங்கியிருந்தா இன்னும் நாப்பது நாள் உக்காந்திருப்பா."

டீச்சர் மெதுவாக, "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லீங்க. கோடை வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.

"வேண்டாம்" என்றார் தச்சர். உள்ளே போய் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்தார். "இப்பவே வரேன், வாங்க."